மரம் ஏறுறவருக்கு ஒரு கயிறு: கொஞ்சம் பழைய கதை

பனை சீசன்ல எங்க ஊருக்கு வர்ற பட்டணத்து நண்பர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பாங்க. முதல்ல போனை எடுத்து வீடியோ பிடிப்பாங்க. அண்ணாச்சி பாதி மரம் போனதும் கை தானா கீழே இறங்கிடும். "என்னங்க இது, ஒரு பெல்ட் கூடக் கட்டலியே? யாருமே வாங்கிக் குடுக்க மாட்டீங்களா?"

நியாயமான கேள்விதான். ஆனா அதுக்கு ஒரு வரியில பதில் இல்லை. நூறு நூற்றைம்பது வருஷக் கதையைச் சொல்லணும். சொல்லிப் பார்க்கிறேன்.

முதல்ல பனையேறி கையில என்னென்ன இருக்குன்னு பாருங்க. காலில் ஒரு நார் வளையம், தளைநார். இரண்டு பாதத்தையும் சேர்த்துப் பிணைத்து, உள்ளங்கால் இரண்டும் கிடுக்கி மாதிரி மரத்தைக் கவ்வ உதவும். அடிமரம் பருமனா இருக்கும், கட்டிப்பிடிக்க முடியாது. அதனால சாய்த்து வைத்து ஏற ஒரு கம்பு, முருக்குத்தடி. மரத்துக்கு மரம் அதைத் தோளில் தூக்கிக்கிட்டே போவாங்க. நெஞ்சுத்தோல் உரியாம இருக்க மார்பில் கட்டும் தோல். இடுப்பில் அருவாப்பெட்டி, அதுக்குள்ள பாளை அருவா. பாளையை நசுக்க கடிப்பு. கலயத்தில் தடவச் சுண்ணாம்பு. அவ்வளவுதான்.

இந்தப் பட்டியலை இன்னொரு தடவை படிங்க. ஏறுவதற்குக் கருவி இருக்கு, பாளை சீவுவதற்குக் கருவி இருக்கு, தோல் கிழியாமல் இருக்கக்கூட ஒண்ணு இருக்கு. கால் நழுவினால் ஆளைப் பிடிக்கிற பொருள் ஒண்ணுகூட இல்லை.

பாதிரியார் கால்டுவெல் 1841-ல் இடையன்குடிக்கு வந்தவர். 1849-ல் திருநெல்வேலிப் பனையேறிகளைப் பற்றி ஒரு சின்னப் புத்தகம் எழுதினார். அதில் அந்த மக்களைப் பற்றிச் சொன்ன பல விஷயங்களுக்காகப் பின்னாடி அந்தச் சமூகத்திடமிருந்து கடும் எதிர்ப்பு வந்தது, வர வேண்டியதும்தான். ஆனா மரம் ஏறும் விதத்தை அவர் கண்ணால் பார்த்து எழுதியிருக்கார். அறுபது வருஷம் கழித்து, 1909-ல் வந்த எட்கர் தர்ஸ்டனின் ஏழு தொகுதி நூலிலும் பனையேறுவது வருது. அதையெல்லாம் படிச்சிட்டு எங்க தோட்டத்துக்கு வந்து பார்த்தா, மரத்துல ஏறும் முறையில சொல்லிக்கிற மாதிரி எதுவும் மாறலைன்னு தெரியும். இதுக்கு நடுவுல ரயில் வந்துடுச்சு, பம்புசெட் வந்துடுச்சு, செல்போன் வந்துடுச்சு. தளைநார் மட்டும் அப்படியே இருக்கு.

இதை வச்சு, பனையேறிகள் பாதுகாப்பைப் பத்தி யோசிக்கவே இல்லைன்னு நினைச்சா தப்பு. அவங்க பாதுகாப்பு பொருளில் இல்லை, பழக்கத்தில் இருந்தது. பையன்களை முதலில் வடலியில் ஏத்துவாங்க. வடலின்னா இளம்பனை, விழுந்தாலும் கை கால் பிசகுறதோட போகும். பெரிய மரத்துக்கு விடுறதுக்கு வருஷக்கணக்கு ஆகும். சீசன் தொடங்குறதுக்கு முன்னாடி ஒவ்வொரு மரமா ஏறிக் காய்ந்த மட்டையைக் கழிச்சு விடுவாங்க. வேலைக்கு இடைஞ்சல் என்பதற்காக மட்டும் இல்லை; அவசரத்தில் காய்ந்த மட்டையைப் பிடித்தால் அது அப்படியே கையோடு பிடுங்கிக்கிட்டு வந்துடும். கதண்டுக் கூடு இருக்கான்னு கீழே இருந்தே அண்ணாந்து பார்ப்பாங்க. மழை பெய்து மரம் நனைஞ்சிருந்தா வெயில் படும்வரை தொட மாட்டாங்க. மரத்து மேல இருக்கிறவரைக் கீழே இருந்து திடுக்குன்னு கூப்பிடக் கூடாது. இது எங்க அம்மா எனக்கு நாலு வயசுல சொன்னது. எங்க பக்கத்துல எல்லாப் பிள்ளைகளுக்கும் சொல்லியிருப்பாங்க.

இலங்கையின் மேற்குக் கரையில் தென்னையில் கள் இறக்குறவங்க வேறொரு வழி கண்டுபிடிச்சாங்க. மரத்துக்கு மரம் கயிறு கட்டிடுவாங்க, காலுக்கு ஒண்ணு, கைக்கு ஒண்ணு. காலையில் ஒரு மரம் ஏறினா, கயிற்று மேலேயே நடந்து பல மரத்தை முடிச்சிட்டு இறங்கலாம். பார்க்கிறவங்களுக்கு அது இன்னும் பயங்கரமா தெரியும். கயிறு இத்துப்போனா ஆபத்துதான். ஆனா ஏறி இறங்கும் எண்ணிக்கை குறையுது பாருங்க, அது ஒரு பெரிய விஷயம். எங்க தேரிக்காட்டுல பனைகள் இஷ்டத்துக்கு முளைச்சு நிக்கிறதால அந்த வேலை இங்கே நடக்காது.

எண்ணிக்கைன்னு சொன்னதால ஒரு கணக்கு. ஒருத்தர் 30 பனை ஏறுறார்னு வைங்க. பாளை சீவணும், பதநீர் இறக்கணும், அதனால காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை. ஒரு நாளைக்கு 60 ஏற்றம். மரம் சராசரியா 15 மீட்டர்னா 900 மீட்டர் உயரம். மூணு நாளில் 2,700 மீட்டர். தொட்டபெட்டா 2,637 மீட்டர்தான். கடல் மட்டத்திலிருந்து தொட்டபெட்டா உச்சி வரைக்கும் மூணு நாளுக்கு ஒரு முறை, செங்குத்தா, மாசியிலிருந்து ஆடி வரைக்கும்.

இப்போ உங்க பெல்ட்டை இதில் சேருங்க. ஒரு மரத்தில் கட்ட, மாட்ட, இறங்கி அவிழ்க்க மூணு நிமிஷம் கூடுதலா ஆகுதுன்னு வைங்க. 60 ஏற்றத்துக்கு 180 நிமிஷம். மூணு மணி நேரம். வெயில் ஏறுறதுக்குள்ள பதநீர் இறங்கி அடுப்பில் காய்ச்ச ஆரம்பிக்கணும். எங்க தோட்டத்துக்கு வர்ற அண்ணாச்சிகிட்ட நான் முதல் தடவை கயிறு, கொக்கியெல்லாம் காட்டினப்போ அவர் சிரிச்சுக்கிட்டே சொன்னார்: "தம்பி, நீ சொல்லுதது நல்லதுதான். இதைக் கட்டி அவுக்கதுக்குள்ள பயினி புளிச்சிரும்லா." பயினின்னா எங்க ஊர்ப் பேச்சில் பதநீர்.

அவருக்கு உயிர் மேல ஆசை இல்லைன்னு யாராவது சொன்னா எனக்குக் கோபம் வரும். கூலி மரக்கணக்கில், அல்லது இறக்கின பதநீர்க் கணக்கில் வருது. அப்போ பாதுகாப்புக்குச் செலவாகிற ஒவ்வொரு நிமிஷமும் அவர் பையிலிருந்து போகுது. தோட்டக்காரன் பையிலிருந்தோ, உடன்குடி கருப்பட்டி வாங்குற உங்க பையிலிருந்தோ போகலை. இதை விட்டுட்டு "அவங்களுக்கு விழிப்புணர்வு இல்லை"ன்னு கூட்டம் போடுறதுல பிரயோஜனம் இல்லை.

சரி, விழுந்தா என்ன ஆகும்? இதைப் பேச யாருக்கும் பிடிக்காது, ஆனா பேசாம இந்தக் கதை முடியாது. கால் எலும்பு, இடுப்பு எலும்பு முறிஞ்சு பிழைச்சவங்க உண்டு. முதுகுத்தண்டில் அடிபட்டா வேற கதை. இடுப்புக்குக் கீழே உணர்வு போயிடும். மூத்திரம் போறது தெரியாது. ஒரே பக்கம் படுத்து முதுகில் புண் வரும். விழுந்தப்போ பிழைச்சவர் அந்தப் படுக்கைப் புண்ணிலும் மூத்திரத் தொற்றிலும் மெதுவா போனதை எங்க தாத்தா காலத்துல எல்லா ஊரும் பார்த்திருக்கு. அடிபட்டவரை இரண்டு பேர் கைப்பக்கமும் காலுப்பக்கமும் பிடிச்சுத் தூக்கி, உட்கார வச்சு, தண்ணி குடுத்து, மாட்டு வண்டியில் ஏத்துவாங்க. நல்லெண்ணத்தில் செய்ததுதான். ஆனா முதுகெலும்பு முறிஞ்சவரை அப்படி மடக்கித் தூக்கினா, பாதி தப்பிச்ச நரம்பும் போயிடும். அசைக்காம, பலகையிலோ கழற்றின கதவிலோ நேரா படுக்க வச்சுத்தான் எடுக்கணும். 108 வண்டி தமிழ்நாட்டுக்கு வந்ததே 2008-ல்தான்.

வேலூர்ல மேரி வர்கீஸ்னு ஒரு டாக்டர். 1954-ல் ஒரு சாலை விபத்தில் அவருக்கே முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே செயலிழந்துடுச்சு. சக்கர நாற்காலியில் இருந்தபடியே அறுவை சிகிச்சை செஞ்சவர். அவர் முயற்சியில் 1966-ல் சி.எம்.சி. மருத்துவமனையில் மறுவாழ்வு மையம் வந்தது. எங்க தென்பக்கம் ஆய்க்குடியில் 1981-ல் அமர் சேவா சங்கம் தொடங்கினது. அதைத் தொடங்கின எஸ். ராமகிருஷ்ணனும் கடற்படைத் தேர்வில் விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். கவனிங்க, முதுகு உடைஞ்சவங்களுக்கு இடம் உண்டாக்கினவங்க அந்த வலியை அனுபவிச்சவங்களாவே இருந்திருக்காங்க. மரத்துல ஏறுறதுக்கு முன்னாடி என்ன செய்யணும்னு யோசிக்க வேண்டிய இடத்தில் இருந்தவங்களுக்கு அந்த வலி இல்லை.

இங்கே கள்ளைப் பத்திப் பேசியாகணும். 1937 அக்டோபரில் ராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு கொண்டு வந்தார். 1948-ல் சென்னை மாகாணம் முழுக்க வந்தது. 1971-ல் விலக்கை எடுத்தாங்க, 1974-ல் திரும்பப் போட்டாங்க, 1981-ல் மறுபடி எடுத்தாங்க, 1987 ஜனவரி 1-லிருந்து கள்ளுக்கு மறுபடி தடை, இன்னிக்கு வரைக்கும். கள் நல்லதா கெட்டதாங்கிற வழக்குக்கு நான் வரலை. தொழிலாளியின் பக்கத்திலிருந்து மட்டும் பாருங்க. பக்கத்து கேரளாவில் கள் சட்டப்படியான தொழில். அங்கே 1969-லேயே கள்ளுத் தொழிலாளர் சேமநல நிதிக்குச் சட்டம் போட்டுட்டாங்க. கடை இருக்கு, உரிமம் இருக்கு, யார் எந்த மரம் ஏறுறார்னு பதிவேடு இருக்கு. தமிழ்நாட்டில் பனைமரத் தொழிலாளர்களுக்குன்னு தனி நல வாரியம் 2006-ல் வந்தது. 37 வருஷ இடைவெளி. தடை இருக்கிற இடத்தில் ஒருத்தர் மரத்திலிருந்து விழுந்தா, கலயத்தில் சுண்ணாம்பு தடவியிருந்ததாங்கிற கேள்விதான் முதல்ல வருது. எலும்பு முறிஞ்சதா என்பது அடுத்த கேள்வி.

மிஷினுக்கு வருவோம். தென்னை ஏறும் மிஷினைப் பத்தி நீங்க கேள்விப்பட்டிருப்பீங்க. கண்ணூர் மாவட்டம் செம்பேரியைச் சேர்ந்த எம்.ஜே. ஜோசப் என்கிற விவசாயி செஞ்சது அது. இரண்டு இரும்புச் சட்டம், ஒவ்வொன்றிலும் மரத்தைச் சுத்தி ஒரு கம்பி வடம். காலை உயர்த்தும்போது வடம் தளரும், மிதிச்சு எடை போடும்போது இறுகும். நின்னபடியே படி ஏறுற மாதிரி போகலாம். நம்ம கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் உட்கார்ந்து ஏறுற மாதிரி ஒண்ணு செஞ்சது. காசர்கோட்டில் இருக்கிற மத்திய தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிலையம், செம்பேரி மிஷினோடு இணைக்கிற பாதுகாப்புப் பட்டை ஒண்ணை உருவாக்கினது. அந்த நிலையம் 1916-ல் சென்னை மாகாண அரசு தென்னை ஆராய்ச்சிக்குன்னு தொடங்கினதுதான், அப்போ காசர்கோடு நம்ம மாகாணத்தில் இருந்தது. 2011-ல் தென்னை வளர்ச்சி வாரியம் "தென்னை மரத்தின் நண்பர்கள்"னு பயிற்சி ஆரம்பிச்சு, இளைஞர்களுக்கும் பெண்களுக்கும் மிஷினில் ஏறக் கத்துக்குடுத்தது. தென்னை ஏறுறவங்களுக்குக் கேர சுரக்ஷான்னு விபத்துக் காப்பீடும் வந்தது. பிரீமியத்தில் பெரும்பகுதியை வாரியமே கட்டுது.

நல்ல காரியம்தான், குறை சொல்லலை. ஆனா எப்போ வந்தது பாருங்க. ஆள்கள் விழுந்து முதுகு உடைச்சுக்கிட்டிருந்த அத்தனை வருஷமும் வரலை. வளைகுடாவுக்கும் கட்டட வேலைக்கும் போய், தேங்காய் பறிக்க ஆள் கிடைக்காம காய் மரத்துலயே முத்தி விழ ஆரம்பிச்சப்போ வந்தது. மரம் ஏறுறவர் விழுந்தா அது அவர் வீட்டுப் பிரச்சினை. மரம் ஏற ஆள் இல்லைன்னா அது தோட்டக்காரன் பிரச்சினை. நானும் தோட்டக்காரன்தான், என் சாதியையே சொல்றேன்.

அந்த மிஷினை ஏன் பனைக்கு எடுத்துட்டுப் போகக் கூடாது? போய்ப் பார்த்தாச்சு. தென்னையை 45 நாளுக்கு ஒரு தடவை ஏறினா போதும், பனையை ஒரு நாளைக்கு இரண்டு தடவை ஏறணும். மிஷினை மாட்டிக் கழற்றுற நேரம் தென்னையில் தாங்கும், பனையில் தாங்காது. பனையின் அடி பருமன், மேலே போகப் போகச் சிறுக்கும், வடத்தைப் பாதி வழியில் சரிசெய்யணும். முக்கியமான சிக்கல் உச்சியில். தென்னையில் மிஷினில் நின்னபடியே குலையை வெட்டிடலாம். பனையில் மட்டைகளுக்கு உள்ளே புகுந்து, மட்டை மேல உட்கார்ந்து, பாளையைச் சீவணும். மிஷின் கீழேயே நின்னுடும். மரத்தை விட்டுக் கொண்டைக்கு மாறுற அந்த ஒரு முழம் தூரம்தான் ஆபத்தே. எங்க சுத்துவட்டாரத்துல எனக்குத் தெரிஞ்சு விழுந்தவங்கள்ல முக்காவாசிப் பேர் அந்த இடத்தில்தான் விழுந்தாங்க. பனைக்கு நல்ல ஏறும் கருவி செய்றவருக்குப் பரிசு தர்றதா தமிழ்நாடு அரசு வேளாண் பட்ஜெட்டில் அறிவிச்சது. நல்ல அறிவிப்புதான். கருவி செய்ய வர்றவங்க முதல்ல அந்த ஒரு முழத்தைப் பார்க்கணும்.

எனக்கு நம்பிக்கை தந்த செய்தி தெலங்கானாவிலிருந்து வந்தது. அங்கே கௌட் சமூகத்தார் பரம்பரையா கள் இறக்குறவங்க. நம்ம ஆட்கள் மாதிரி இல்லாம, அவங்க மரத்தையும் இடுப்பையும் சேர்த்து ஒரு பெரிய கயிறு போட்டு ஏறுவாங்க, மோகுன்னு பேர். சாய்ந்து வேலை செய்ய அது நல்லா உதவும். ஆனா கால் நழுவினா கயிறும் சேர்ந்து மரத்தோட சறுக்கிக்கிட்டு வரும். 2024 ஜூலையில் ரங்காரெட்டி மாவட்டத்தில் முதல்வர் ரேவந்த் ரெட்டி ஒரு திட்டத்தைத் தொடங்கி வச்சார். அவங்க குலதெய்வம் காட்டமய்யா பெயரில் "காட்டமய்யா ரக்ஷண கவசம்". மலையேறுறவங்க பயன்படுத்துற மாதிரி இடுப்பையும் தொடையையும் சேர்த்துப் பிடிக்கிற கச்சை, கயிறு, கொக்கி. நழுவினா கயிறு மரத்தை இறுக்கிப் பிடிச்சுக்கும், ஆள் தொங்குவார், தரைக்கு வர மாட்டார். அங்கே கள் சட்டப்படியான தொழில், சங்கம் இருக்கு, ஓட்டு இருக்கு. இவங்களோட பழைய மோகுப் பழக்கத்துக்குப் பக்கத்திலேயே புதுக் கயிறும் இருக்கு என்பது இன்னொரு வசதி. இடுப்பில் கயிறே போட்டுப் பழகாத நம்ம ஆளுக்கு அது அந்நியப் பொருள்.

தொடைக்கும் எதுக்குப் பட்டைன்னு கேட்டா: வெறும் இடுப்புப் பெல்ட்டில் ஒருத்தர் விழுந்து தொங்கினா முழு எடையும் வயித்திலும் விலாவிலும் இறங்கி மூச்சுத் திணறும். தொடைப்பட்டை எடையைப் பகிர்ந்துக்கும். அப்பவும் அசையாம ரொம்ப நேரம் தொங்கினா கால்ல ரத்தம் தேங்கி மயக்கம் வரும், உயிருக்கே ஆபத்து. சீக்கிரம் இறக்கணும். பனங்காட்டில் விடியக்காலம் அஞ்சு மணிக்கு யார் இறக்குவா? பனையேறி எப்பவும் தனியாதான் போறார். கச்சை வாங்கிக் குடுக்கிறவங்க இந்தக் கேள்விக்கும் சேர்த்து பதில் வச்சிருக்கணும்.

இன்னொண்ணு, பனைமட்டையின் ஓரத்தில் கருக்கு இருக்கும், ரம்பப் பல் மாதிரி. நைலான் பட்டையை அதில் நாலு நாள் உரசினா நூல் நூலா பிரிஞ்சு நிற்கும். கடையில் கட்டட வேலைக்குன்னு விக்கிற பட்டை இதுக்குத் தாங்கலை. நான் வாங்கினதில் முதல் பட்டை பதினோராவது நாள் தூக்கிப் போட வேண்டியதாப் போச்சு. இப்போ அந்த இடத்தில் மட்டும் பழைய சைக்கிள் டியூபை உறையா போட்டுத் தச்சிருக்கோம். அண்ணாச்சி யோசனை அது.

தென்னைக்கு எங்க தோட்டத்துல இப்போ மிஷினும் கச்சையும் இல்லாம யாரும் ஏறுறதில்லை. மரக்கணக்குக் கூலியையும் விட்டாச்சு, நாள் கூலி, கீழே ஒரு ஆள் கட்டாயம், அந்த ஆளுக்கும் கூலி. செலவு கிட்டத்தட்ட ஒண்ணரை மடங்கு. பனைக்கு அண்ணாச்சி இன்னும் முழுசா ஒத்துக்கலை. வர்ற பங்குனியில் பாளை கட்டும்போது வீட்டுக்குப் பக்கத்தில் நிக்கிற பத்து மரத்துல மட்டும் கயிறு போட்டு ஏறிப் பார்க்கிறேன்னு சொல்லியிருக்கார். கொண்டைக்கு மாறும்போது முதல் கயிற்றை அவிழ்க்கிறதுக்கு முன்னாடியே இரண்டாவது கயிற்றை மட்டையடியில் சுத்தி மாட்டணும், அதுதான் திட்டம். கீழே நிக்க அவர் மகன் வருவான். நேரம் குறிச்சு வைக்க நோட்டுப் புத்தகம் என் பொறுப்பு. மரத்துக்கு எத்தனை நிமிஷம் கூடுதுன்னு தெரிஞ்சதும் இங்கே எழுதுறேன்.